வைக்கோல் சுற்றிய நங்கூரம்

சைக்கிளை நிறுத்த வரும்போதே அவருடைய வலது கை சீற்றுக்கு அடியில் போகும். அங்கே நாலாக மடித்த ஒரு துணி செருகியிருக்கும். இடுப்பில் கட்டும் பழைய சாரனின் கிழிசல், ஒரு காலத்தில் நீலக் கட்டம் போட்டிருந்தது. அதை எடுத்து உதறி, என் இரும்புக்கடைப் பலகைக்கும் சைக்கிளின் கைப்பிடிக்கும் இடையில் வைத்து, அதற்குப் பிறகுதான் சைக்கிளைச் சாய்ப்பார். சாய்த்த பின்னும் ஒரு கணம் நிற்பார், பலகைக்கு நோகவில்லையே என்று கேட்கிற மாதிரி.

கல்முனை பஸாரில் உப்புக்காற்று தின்று போன பலகை அது. ஆடுகள் முதுகைத் தேய்க்கும். மீன் கூடைகள் இடிக்கும். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் வெற்றிலைச் சுண்ணாம்பை அதில்தான் துடைப்பார்கள். அந்தப் பலகைக்கு மரியாதை செய்த ஒரே மனிதர் அவர்.

ஊரில் அவரைப் பீங்கான் காக்கா என்பார்கள், காக்கா எங்களுக்கு அண்ணன். சைக்கிளின் பின்னால் இரண்டு மரப்பெட்டி. உள்ளே கோப்பைகள், சோற்றுப் பீங்கான்கள், விளக்குச் சிமினிகள். அக்கரைப்பற்றில் மொத்தமாக எடுத்து, கரையோர ஊர்களெல்லாம் கொண்டுபோய் விற்பார். அறுவடை முடிந்ததும் வரிப்பத்தான்சேனைப் பக்கம் போய்ச் சூடடித்த களத்தில் வைக்கோல் கேட்டு வாங்கி வருவார். மாட்டுக்கு வாங்குகிறவர்கள் அளவு பார்ப்பார்கள், இவர் மென்மை பார்ப்பார். ஒரு பீங்கான், ஒரு பிடி வைக்கோல், ஒரு பீங்கான், ஒரு பிடி வைக்கோல். எழுபத்தெட்டில் வந்த சூறாவளி கிழித்துப்போட்ட அந்த நாள் ரோட்டில் எத்தனை குழி விழுந்து எழும்பினாலும் பெட்டிக்குள் ஒரு சத்தம் கேட்காது.

"ரெண்டு நல்ல சாமான முட்டவெச்சா ரெண்டும் கெட்டிரும் தம்பி. இடையில என்னமும் வெச்சிரணும்."

தொழிலுக்குச் சொன்னது என்றுதான் நினைத்தேன். பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நின்று தொழுத பிறகுதான், அது தொழிலைத் தாண்டிப் போனது என்று விளங்கியது. தோளோடு தோள் முட்ட நிற்கச் சொல்லி தொழுகை நடத்தும் லெப்பை ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் திரும்பிப் பார்த்துச் சொல்வார். இவர் எப்போதும் வரிசையின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் நிற்பார். ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் கல். மனிதன் இருக்கிற பக்கத்தில் மட்டும், வேறு யாருடைய கண்ணிலும் படாத ஒரு விரற்கடை இடைவெளி. பெருநாளில் எல்லாரும் கட்டித் தழுவுவார்கள். அவரும் தழுவுவார், ஆனால் தோளில் கிடக்கும் துவாய் எப்படியோ நழுவி நெஞ்சுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்து நின்றுவிடும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. துவாய்க்கே பழகிவிட்டது.

நான் அவரை ஏன் இவ்வளவு உற்றுப் பார்த்தேன்? நானும் வந்து சேர்ந்த ஆள், அதுதான் காரணம். கலியாணம் முடித்து, ஒரு பெட்டியோடு அக்கரைப்பற்றில் பஸ் ஏறிக் கல்முனையில் இறங்கினேன். நான் படுத்த கட்டில் என் மனைவிக்கு அவள் உம்மா கொடுத்தது. கட்டில் கிடந்த வீடும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஆண் வந்து சேர்கிறவன். யாரும் அதைக் குத்திக்காட்டுவதில்லை. ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். இரும்புக்கடை வைத்து ஆணி விற்கிற நான். அப்படி நிற்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

அவருடைய மனைவி சூறாவளிக்கு அடுத்த வருஷம் மௌத்தாகி அடக்கமானார். பிள்ளைகள் இல்லை. அவர் இருந்த வீடு மனைவியின் சீதன வீடு. அதே வளவில், ஒரு தென்னங்கிடுகு வேலிக்கு அப்பால், மனைவியின் தங்கை இருந்தார். அவரும் கணவனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் வீடு அவளுக்குத்தான் என்று மையித்து கிடந்த வீட்டிலேயே ஊர் முடிவு செய்துவிட்டது.

"பிள்ள இல்லாட்டிப் புருஷனுக்குப் பாதி" என்று பள்ளிவாசலில் சட்டம் தெரிந்த ஒருவர் அவரைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். "உங்கட உரிமை. விட்டுராதீங்க."

"பாதி வீட்டில நான் நிண்டா மத்தப் பாதியோட உரசும்" என்றார் இவர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வேறொரு பேச்சு முடியவில்லை. மனைவி போய்விட்டால் அவள் தங்கையை முடிக்கலாம், மார்க்கத்தில் தடையில்லை. முடிக்காமல் ஒரே வளவில் இரண்டு பேரும் இருந்தால் ஊர் சும்மா இருக்காது. ஆக ஒன்று நிக்காஹ், இல்லாவிட்டால் அவர் பெட்டியைத் தூக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. நாள்தோறும் பீங்கான் விற்கப் போனார், வந்தார், வேலிக்கு இந்தப் பக்கம் சமைத்துத் தின்றார்.

அந்தக் காலத்தில்தான் அந்தத் தோணி வந்தது.

சூறாவளி நிவாரணத்துக்கு வந்தவர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். கூடாரத் துணி, வாளி, அரிக்கன் விளக்கு எல்லாம் ஆளுக்காள் எடுத்தார்கள். கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சுருட்டல். விரித்து, காலால் மிதிக்கும் துருத்தியால் காற்றடித்தார்கள். அது மெல்ல மூச்சு வாங்கி எழும்பி, மூக்கு வைத்து, இரண்டு விலாவும் வைத்து, ஒரு தோணியாகிவிட்டது. பின்னால் மாட்ட ஒரு சின்ன எஞ்சினும் இருந்தது. கூட்டம் சிரித்தது. கடலுக்கு ஆகாது, ஓர் ஆணி போதும் இதைக் கொல்ல என்றார்கள் மீன்பிடிகாரர்கள். இவர் முன்னால் போய் அதன் விலாவில் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். உள்ளே போன ரப்பர் கையைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தது.

"பாருங்க தம்பி" என்றார் என்னிடம். "இதுக்கு உடம்பெல்லாம் மெத்தை. எதில போய் முட்டினாலும் முட்டுப்பட்டதுக்கு நோகாது."

அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கி நான் கண்ட ஒரே சாமான் அது.

ஒவ்வொரு மாரி மழைக்கும், கிட்டங்கியில் ரோடு ஆற்றைத் தாண்டுகிற தாம்போதியை ஆறு மூடும். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவில் ரோடு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடும். நோயாளியும் நெல் மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அக்கரையில் நிற்க, மரத்தோணிகள் வந்து ஏற்றும். அதில் தன்னுடையதையும் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார்.

"கரையில ஒரு வாடியும் அடிச்சிட்டா அங்கயே கிடக்கலாம். அது யாருட வளவும் இல்ல, ஆத்துட மண்."

அந்தக் குடிசை வாடியைப் பற்றிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதற்கு முதலில் தோணிக்கு இரண்டு விஷயம் வேண்டும் என்றார். நிற்க ஒரு நங்கூரம். பக்கத்தில் தொங்கவிட மெத்தைகள். தாம்போதிக் கல்லின் விளிம்பும், மரத்தோணிகளின் ஆணித்தலையும் ரப்பரைக் கிழித்துவிடும் என்ற பயம்.

மெத்தை விஷயத்தில் அவர் ராஜா. டயர் கட்டலாம் என்றேன். "கறுப்பு அப்பும். மத்தவன்ட தோணி ஊத்தையாகும்." வலை மிதவைகளைக் கோத்துக் கட்டலாம் என்றேன். "கட்டி சாமான். முட்டினா டொக்கெண்டும்." பழைய தலையணை என்று சும்மா சொன்னேன். அதையும் யோசித்துத்தான் பதில் சொன்னார், தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும் என்று. முடிவில் உள்ளே மிதவை, அதைச் சுற்றித் தேங்காய்த் தும்பு, வெளியே பன்புல் பின்னல் என்று தானே கண்டுபிடித்தார். கரையோரப் பெண்கள் பாய் பின்னும் பன்புல். அதை ஊரில் மிக நேர்த்தியாகப் பின்னுகிறவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அங்கேதான் என்னை அழைத்துப் போனார். நான் வேலியில் ஆள் போகிற கடப்பில் நின்றேன். அவர் இந்தப் பக்கம் தோணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அந்தப் பக்கம் மாமர நிழலில் காலை நீட்டி, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகி, ராத்தா பின்னிக்கொண்டிருந்தார். காக்காவின் மனைவியுடைய அந்தத் தங்கையை, அக்கா முறை வைத்து, ராத்தா என்றுதான் நான் கூப்பிடுவேன்.

"தம்பி, மெத்தை எவ்வளவு தடிப்பு வேணும் எண்டு மச்சானிட்டக் கேளுங்க."

நான் திரும்பினேன். "கேட்டிச்சிதானே காக்கா?"

"ஓம். ஒரு சின்னப் பூசணிக்காய் மொத்தம் எண்டு சொல்லுங்க."

"சொல்ல வேணாம், எனக்கும் காது இரிக்கி" என்றார் ராத்தா, பன்புல்லிடம். கொஞ்ச நேரம் பின்னினார். பிறகு தலை நிமிராமல், "இத்தனை மெத்தையும் கட்டிட்டு மனிசன் எதில போய் முட்டப் போறார் எண்டும் கேளுங்க தம்பி."

அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. இவர் சீற்றுத் துணியை எடுத்து விரித்தார், மடித்தார், விரித்தார். அந்த வளவில் என் உத்தியோகம் என்ன என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. இரண்டு நல்ல பீங்கான்களுக்கு நடுவில் நான்தான் வைக்கோல்.

மெத்தைகள் பின்னி முடிந்த பிறகு ஒருநாள் ராத்தா என் வீட்டுக்கு வந்தார், என் மனைவியிடம் பாய்க்குச் சாயம் வாங்குகிற சாட்டில். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"மாப்பிள்ள பகுதியார் கேக்காங்க, அந்த வீட்டில யாரு இரிக்கப் போறது எண்டு. நான் ஒண்டும் சொல்லல்ல. மச்சான் இஞ்சயே இரிக்கிற எண்டா இரிக்கட்டும். ஊர்ட வாயை மூடுறதுக்கு வழி இரிக்கிதானே. எனக்கு மறுப்பில்ல எண்டு சொல்லுங்க."

சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை. ஒரு பெண், எங்கள் ஊரில், அந்த வயதில், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. பாதிக்கு மேல் அவர் நடந்து வந்துவிட்டார்.

நான் அன்றே போய்ச் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தோணியின் விலாவை உள்ளங்கையால் தடவினார். ரப்பர் கீச்சென்றது.

"நல்லவ" என்றார். "நங்கூரம் ஒண்டு சரியா அமையட்டும் தம்பி. தோணி நிண்டு தொழில் ஒண்டு ஆகட்டும். அதுக்குப் பிறகு சொல்றன்."

இதைக் கொண்டுபோய் ராத்தாவிடம் கொடுத்தேன். அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், முக்காட்டுக்குள்.

"அப்ப அவருக்கு ஒரு நங்கூரம் பாத்துக் குடுங்க தம்பி. கெதியா, சுணங்காம."

என் கடையில் நங்கூரங்கள் மூன்று மாதிரி கிடந்தன. ஒன்று நாலு கொக்கி வைத்த இரும்பு, கரைவலைக்காரர் வாங்குவது. இன்னொன்று குடை மாதிரி மடக்கி விரிக்கிறது. மூன்றாவது, இரண்டு தட்டையான தகடுகள் கூராகி முடிந்து, மண்ணில் மண்வெட்டி மாதிரி இறங்குவது. அவர் தினமும் வருவார். துணியை வைத்துச் சைக்கிளைச் சாய்ப்பார். நங்கூரத்தைத் தூக்கமாட்டார், குந்தியிருந்து பெருவிரலால் நுனியைத் தொடுவார். நாலு கொக்கியைத் தொட்டு, "இது குத்தும்." மடக்கியதைத் தொட்டு, "மடங்கேக்க ரப்பரைக் கடிக்கும்." தகட்டைத் தொட்டு, "இது வெட்டும்." அடுத்த நாளும் வருவார். நுனிகள் அதற்குள் மழுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தவர் போல மறுபடியும் தொடுவார்.

அப்படி ஒரு காலையில், கடற்கரைப் பக்கத்திலிருந்து வழக்கமாக ஆணி வாங்க வரும் ஒரு மீன்பிடிகாரர் கடையில் நின்றார். தமிழர், வாய் துடுக்கு, கை தாராளம். இவரைப் பார்த்ததும் அவருக்குப் பொழுது போய்விடும்.

"என்ன காக்கா, இண்டைக்கும் நங்கூரத்துக்குக் காய்ச்சல் இருக்கா எண்டு தொட்டுப் பாக்கிறயளா?"

"ஆத்துக்கு எது நல்லம் எண்டு பாக்கன்."

"ஆத்தில மணலும் சேறும். இந்தத் தகடு வெச்சதுதான் இறங்கும். ஒரு முழம் சங்கிலியும் போடுங்க, அப்பதான் மூக்குக் குத்திப் படுக்கும்."

"சங்கிலி ரப்பரைத் தேய்க்குமே."

"காத்துத் தோணிக்கு மெத்தை கட்டின மனிசன் நீங்க. முதலாளி, இவருக்கு ஒரு பஞ்சு நங்கூரம் செஞ்சு குடுங்க."

நான் சிரித்தேன். காக்காவும் சிரித்தார். ஆனால் அந்தச் சொல் அவருக்குள் இறங்கி இடம் பிடித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மாரி இருண்டு வந்தது. ராத்தா இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், நங்கூரம் அமைந்ததா என்று. தகடு வைத்ததைக் காக்காவே ஒருநாள் எடுத்துக்கொண்டு போனார். சங்கிலி வேண்டாம், கயிறு போதும் என்றார். பெட்டியில் வைக்கோலுக்கு நடுவில் அதைக் கிடத்தி, ஒரு பெரிய பீங்கானைக் கொண்டுபோகிறவர் மாதிரி சைக்கிளை உருட்டிப் போனார்.

ஆறு தாம்போதியை மூடிய அன்று நானும் கிட்டங்கியில் நின்றேன். நாவிதன்வெளிக் கடையொன்றுக்கு மண்வெட்டிகள் கொண்டுபோக வேண்டியிருந்தது. மரத்தோணிகளுக்கு நடுவில் அந்தச் சாம்பல் தோணி, இரண்டு விலாவிலும் ராத்தாவின் பச்சை சிவப்புப் பின்னல்கள் தொங்க, கலியாணத்துக்கு வந்த யானை மாதிரி நின்றது. பிள்ளைகள் அதில் ஏறத்தான் அடம்பிடித்தார்கள். அன்று காலை அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கரைக்கு வரும்போதெல்லாம் மெத்தைகள் கல்லில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான் சத்தம். இன்றைக்கு மனிதன் போய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நான்கூட எதற்கோ சந்தோஷப்பட்டேன்.

மதியம் போல, அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளி எஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தைத் தண்ணீரில் விட்டார். சாப்பிடப் போகிறார் என்று தெரிந்தது, சோற்றுப் பார்சலை எடுத்தார். தோணி நிற்கவில்லை. மெல்ல, யாரோ கூப்பிட்டுப் போகிறது போல, ஆற்றோடு நகர்ந்தது. அவர் கயிற்றைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கயிறு விட்டார். தோணி நகர்ந்தது. எஞ்சினை இழுத்தார், அது இருமிவிட்டு ஓய்ந்தது. சின்னதாகிக்கொண்டே போனார். வழியில் வலைக் கம்புகள் வரிசையாக நின்றன, கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். நீட்டவில்லை. இக்கரையில் நாங்கள் இத்தனை பேர் நிற்கிறோம், எங்களைக் கூப்பிட்டு அவர் ஒரு சத்தம் வைக்கவில்லை. சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

அந்த மீன்பிடிகாரர்தான் தன் தோணியோடு போய் மறித்துக் கட்டி இழுத்து வந்தார்.

"ஏன் காக்கா கூப்பிடல்ல?"

"நீங்க வலை இழுத்துக்கொண்டு நிண்டீங்க. கூப்பிட்டா விட்டுட்டு வருவீங்க."

"கம்பைப் பிடிச்சிருக்கலாமே."

"கம்பு சாஞ்சா வலை போயிருமே."

மீன்பிடிகாரர் நங்கூரக் கயிற்றை இழுத்தார். நங்கூரம் மேலே வந்தது. இரண்டு தகடுகளின் நுனிகளிலும் வைக்கோலைச் சுருட்டி வைத்து, மேலே சாக்குத் துணி சுற்றி, நெருக்கி நெருக்கித் தைத்திருந்தார். அழகான தையல். ஒரு பொட்டுச் சேறு அதில் ஒட்டவில்லை. ஆற்றின் தரையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.

"இது நங்கூரமா, தலைகாணியா?"

கரை முழுக்கச் சிரித்தது. நானும்தான். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. மீன்பிடிகாரர் மீன் வெட்டும் கத்தியால் தையலை அறுத்தார். வைக்கோல் ஆற்றில் விழுந்து, மஞ்சளாக, மிதந்து போனது. நுனிகள் வெளியே வந்தன.

"இனிப் பிடிக்கும்" என்று கையில் கொடுத்தார்.

பிடிக்கத்தான் செய்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். ஆனால் அவர் அன்று பொழுதுபட எனக்குப் பக்கத்தில் கரையில் குந்தியிருந்து, வேறொரு கதை சொன்னார். "நிக்கல்ல தம்பி. பாத்தீங்கதானே. போட்டது ஒண்டு நிக்கல்ல." தோணியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமாக இருந்தது. அந்தக் கிழமையே பெட்டிகளைச் சைக்கிளில் கட்டி, ஆற்றங்கரையில் அடித்திருந்த வாடிக்குப் போய்விட்டார். வீட்டுச் சாவியைத் தானே கொடுக்காமல் என்னிடம் தந்தார். நான் கொண்டுபோய் ராத்தாவின் கையில் வைத்தேன். அவர் அதை முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டார்.

"நங்கூரம் அமைஞ்சிட்டா தம்பி?"

"ஓம் ராத்தா."

"அப்ப சரி" என்றார்.

மூத்தவளின் கலியாணம் நடந்தது. அவர் வந்தார், பந்தலின் ஓரத்தில் இருந்து சாப்பிட்டார், மணமக்களுக்கு வைக்கோலில் சுற்றிய பீங்கான்கள் கொடுத்தார், போனார்.

பிறகு ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் ராத்தா என் கடைக்கு ஒரு புதுப் பின்னல் அனுப்புவார். பழசு இத்துப் போயிருக்கும் என்பது சாட்டு. பழசு இத்துப் போகவில்லை, காக்கா அவிழ்க்கவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டே போனார். கொஞ்ச வருஷத்தில் ரப்பர் வெளியே தெரியாமல் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஆற்றில் ஒரு பாய்க் கட்டு மிதந்து வருகிற மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் வாடிக்குப் போவேன், சும்மா. தேத்தண்ணி ஊற்றித் தருவார். கோப்பையைப் பலகையில் வைப்பதற்கு முன் ஒரு காய்ந்த இலையைக் கீழே வைப்பார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஊரிலிருந்து ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம். எல்லாரும் எங்காவது போனார்கள். அவர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போனார், திரும்பி வந்தார்.

இரண்டாவது மகளுக்கும் கலியாணம் வந்தது. ராத்தா தன் வீட்டை அவளுக்குக் கொடுத்தார். கொடுத்த தாய் அந்த வீட்டின் ஒரு மூலையில் இருக்கலாம், பலபேர் அப்படி இருக்கிறார்கள். ராத்தா இருக்கவில்லை. அக்கரையில் வயல் செய்கிற தம்பி ஒருவர் இருந்தார், அவரிடம் போய்விடுவதாகச் சொன்னார். ஆண்களாகிய நாங்கள் மட்டும்தான் வீடில்லாதவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ராத்தா போன அன்றும் மாரி. நான் மண்வெட்டிகளோடு கரையில் நின்றேன். காக்காவின் தோணியில் விதைநெல் மூட்டை இரண்டு, காது கேளாத ஒரு வயற்காரர். ராத்தா ஒரு பாய்க்கட்டும் தகரப் பெட்டியும் கொண்டு வந்தார். எனக்கு இடமில்லை, மறுகா, அடுத்த நடையில் வருகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

ராத்தா ஏறுவதற்குக் காக்கா கையை நீட்டினார். அந்நியப் பெண், ஆகவே உள்ளங்கையில் துணி. அதே நீலக் கட்டம், வெளுத்து வெள்ளையாகிவிட்டது. ராத்தா கையையும் பார்த்தார், துணியையும் பார்த்தார். பிறகு துணியை மட்டும் எடுத்துக்கொண்டார். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, தான் பின்னிய மெத்தையில் காலை வைத்து, தானாக ஏறி உட்கார்ந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது, ஒன்றும் இல்லாமல்.

ராத்தா அவரோடு நேராகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மச்சான், நங்கூரம் இப்ப பிடிக்குதா?"

"பிடிக்குது."

"காட்டுங்களன்."

தோணி போனது. நடு ஆற்றில் எஞ்சின் சத்தம் நின்றது. பழுதாகிவிட்டது போல என்றார்கள் கரையில் நின்றவர்கள். அவர் எழும்பி, தகடு வைத்த இரும்பை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் விடுவது தெரிந்தது. கயிறு போய், இறுகியது. தோணி மூக்கைத் திருப்பி நீரோட்டத்துக்கு எதிராக நின்றது. செத்தைகளும் ஆகாயத்தாமரையும் அதன் இரண்டு பக்கத்தாலும் போயின. அது போகவில்லை. மழை பொடியாகத் தூறியது. வயற்காரர் மூட்டையில் சாய்ந்துவிட்டார். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். யாருடைய வாய் அசைந்தது, அசைந்ததா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. நடுவில் நானும் இல்லை. ஒரு பீடி குடித்து, இன்னொன்று பற்றவைத்து, அதுவும் நனைந்து அணையும் வரைக்கும் தோணி அங்கேயே நின்றது.

பிறகு அவர் எழும்பிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது.

வெறுந்தோணியோடு திரும்பி வந்தார். ஏறினேன். நங்கூரம் எங்கள் காலடியில் கிடந்தது, நுனிகளில் கரிய சேறு அப்பி.

"பிடிச்சுது தம்பி."

"பிறகு?"

"பிறகு எடுத்திட்டன்."

அடுத்த கிழமை கடைக்கு வந்தார். கை வழக்கப்படி சீற்றுக்கு அடியில் போனது, வெறுமையாக வந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். தோளில் துவாய் இருந்தது, அதை எடுக்கவில்லை. சைக்கிளை அப்படியே பலகையில் சாய்த்தார். கைப்பிடி வழுக்கி, பலகையில் ஒரு கீறல் விழுந்தது. அவர் குனிந்து அதைப் பெருவிரலால் தொட்டுப் பார்த்தார்.

எண்பதுகளின் கடைசியில் சண்டை முற்றியபோது ஆற்றில் எஞ்சின் ஓட்டக் கூடாது என்றார்கள். வாடி போனது, அவரும் ஒருநாள் இல்லை. அக்கரைக்குப் போனார் என்று ஒருவர், புத்தளம் பக்கம் கண்டதாக இன்னொருவர். கடைக்கு நான் பலமுறை புதுச் சாயம் பூசியிருக்கிறேன். பூசும்போதெல்லாம் அந்தக் கீறலுக்கு மேல் வரும்போது தூரிகையைத் தூக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறேன்.